துயர் துடைப்பு மையத்துக்கு வந்த அண்ணனுக்கு நன்றி

பினாங்கு பட்டர்வொர்த் மையத்தில் பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள் அண்ணே. எங்கள் இருவழி ரேடியோ செட்டில் பிறர் பேசுவது நன்றாகக் கேட்கும்; நாங்கள் பேசப் பட்டனை அழுத்தினால் அணைந்துவிடும். பாவம், பேட்டரிமேல் பழி போட்டோம். நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து, செட்டின் முனையிலேயே வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தீர்கள். கோளாறு பேட்டரியிலிருந்து செட்டுக்கு வந்த ஒயரில்தான்: 3 மீட்டர் நீளம், வெறும் 0.75 சதுர மில்லிமீட்டர் தடிமன். 50 வாட்டில் செட் 10 ஆம்பியர் இழுத்தால், போக வர 1.4 வோல்ட் ஒயரே விழுங்கிவிடும்! 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றி, பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸும் போட்டீர்கள்.

ஆன்டெனா இணைப்பில் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றியதும் நீங்கள்தான். ஓட்டுக்கூரைபோல் மேலடுக்கு மழைநீரை வெளியே வழித்துவிடுகிறது. நாங்கள் தலைகீழாகச் சுற்றியிருந்தோம்.

உங்கள் ஸ்க்ரூடிரைவர் இங்கேயே கிடக்கிறது. நாசி லெமாக் பொட்டலத்தையும் பிரிக்காமலே போய்விட்டீர்களே!