முதுகுத்தண்டு நீரையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளவயதில் திடீரென வரும் மனச்சிதைவு பற்றிய தங்கள் கட்டுரை, மூளை அழற்சி என்ற காரணத்தை விட்டுவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படும் நோய் இது, அதனால்தான் எழுதுகிறேன்.

2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழு விவரித்த என்.எம்.டி.ஏ. வகை மூளை அழற்சியில், உடலே உண்டாக்கும் எதிரணுக்கள் (ஆன்டிபாடி) மூளை நரம்பணுக்களின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளில் (சமிக்ஞை வாங்கும் புரதங்கள்) ஒட்டிக்கொண்டு, அந்த ஏற்பிகள் நரம்பணுவுக்குள் இழுக்கப்படச் செய்கின்றன. பெரும்பாலும் நரம்பணு சாவதில்லை. அதனால்தான் மீள முடிகிறது. நோயாளிகளில் ஐந்தில் நால்வர் பெண்கள், பலர் இளவயதினர்.

முதலில் காய்ச்சலும் தலைவலியும். சில நாளில் தூக்கம் போகும், சந்தேகம், பயம், காதில் குரல். இதுவரை மனநோய் மாதிரியே இருக்கும். பிறகு பேச்சு குறையும், வலிப்பு வரும், எதையோ மெல்வதுபோல் வாய் ஓயாமல் அசையும். தூக்கிவிட்ட கை அப்படியே நிற்கும். மனநோய் மருந்து கொடுத்ததும் உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறினால் இன்னும் உஷாராக வேண்டும். அப்போது டோஸைக் கூட்டுவது ஆபத்து.

எம்.ஆர்.ஐ. பாதிப் பேருக்கு மேல் நார்மலாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு ‘மூளையில் ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ரத்தப் பரிசோதனையும் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு நோயைக் காட்டாது. முதுகுத்தண்டு நீரில்தான் எதிரணு தெளிவாகத் தெரியும். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்’ என்று குடும்பத்தார் மறுக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது; ஊசி இறங்குவது அதற்கும் கீழே. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

அறிகுறிகள் பொருந்தி, தொற்று இல்லை என்று தெரிந்தால், ரிசல்ட்டுக்காகக் காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம். மெத்தில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், ஐந்து நாள் வரை. கூடவே இம்யூனோகுளோபுலின் (தானம் தந்தவர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிரணு மருந்து), தினம் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள்: 50 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 100 கிராம். விலை அதிகம், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது இன்னொரு வழி. பலன் தெரியாவிட்டால், நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து. பெண்களுக்குச் சினைப்பை ஸ்கேன் கட்டாயம். அங்கே டெரட்டோமா (பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி) இருந்தால் அதை எடுக்காமல் நோய் அடங்குவது கடினம்.

577 பேரைப் பற்றிய 2013ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டுவரை தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் ஐந்தில் நால்வர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்பியிருந்தனர். ஆனால் ஞாபகமும் நிதானமும் கடைசியில்தான் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும். எட்டில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் மறுபடி வரக்கூடும். மீண்டும் தூக்கம் கெட்டுப் பேச்சு மாறினால் அன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

– மனநல மருத்துவர், மதுரை