பால் கவரை கழுவி காய வைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணி தூக்கிப்போடற பிளாஸ்டிக்குக்கு தடை இருக்கு, 2021 டிசம்பர்ல மஞ்சப்பை திட்டமும் வந்துச்சு, ஆனா பால், எண்ணெய் பாக்கெட்டுக்கெல்லாம் தடை போட்டப்பவே விலக்கு குடுத்துட்டாங்க, அதனால தினமும் விடிஞ்சதும் நம்ம கைக்கு வர்றது பிளாஸ்டிக் கவர்தான்.

அந்த கவரோட முனைய முழுசா கத்தரிச்சு எடுத்துடாதீங்க, கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி வெட்டுங்க, ஏன்னா அந்த நகத்தளவு துண்டு தனியா போயிட்டா யாரும் பொறுக்க முடியாது, நேரா சாக்கடைதான். பால் ஊத்துனதும் கவர ஒரு பக்கம் முழுசா திறந்து, உள்பக்கத்த வெளிய திருப்பி சோப்பு போட்டு அலசி கொடில கிளிப் மாட்டி விட்டா போதும். அதுல கறிவேப்பிலை, கொத்தமல்லி சுத்தி ஃபிரிட்ஜ்ல வைக்கலாம், கடைல குடுக்கற மத்த கவரையும் இப்படியே கழுவி வச்சுக்கலாம். மீன், கறி வாங்குன கவர்ல மட்டும் திரும்ப திங்கற சாமான் போடாதீங்க, சூடான குழம்பும் எதுலயும் ஊத்த வேணாம்.

கிழிஞ்சத பழைய பேப்பர் கடைல எடைக்கு போடலாம், ஆனா புளிச்ச பால் நாத்தத்தோட குடுத்தா யாரு வாங்குவாங்க? 2016 பிளாஸ்டிக் கழிவு விதிப்படி கவர் போட்டு விக்கற கம்பெனிக்கே அத திரும்ப எடுக்கற பொறுப்பு இருக்கு, அதனால பால் டிப்போலயே காலி கவர வாங்கிக்க அரசு ஏற்பாடு பண்ணணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை