உடம்பு மறுநாள்தான் பதில் சொல்லும்

அன்புள்ள தேனு,

"பழையபடி எப்போம்மா நடமாட ஆரம்பிக்கலாம்?" என்று போனில் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் குழந்தை எழுந்துவிட்டான். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பால் கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்.

எல்லாரும் உன்னிடம் "ஆறு வாரம்" என்று சொல்லியிருப்பார்கள். அதுவரை அசையக் கூடாது, அது முடிந்தால் எல்லாம் செய்யலாம் என்கிற மாதிரி. பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான், சொல்கிறேன்: இந்த இரண்டுமே சரியில்லை. ஆறு வாரக் கணக்கு கர்ப்பப்பைக்குப் பொருந்தும். பிரசவம் ஆனவுடன் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கிற கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்குள் சுருங்கிவிடும். ஆனால் வயிற்றுச் சுவருக்கும், இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கும், தளர்ந்துபோன மூட்டுகளுக்கும் மாதக்கணக்கில் ஆகும். காலண்டரில் ஒரு தேதி வந்ததும் எல்லாம் ஒன்றாகக் குணமாகிவிடாது.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. சிசேரியன் ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் உன்னை எழுப்பி நடக்க வைத்தார் இல்லையா? பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போய்விடாமல் இருக்க, அந்தச் சமயத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனாலேயே கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் கட்டிக்கொள்கிற ஆபத்தும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் அதிகம். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அசைந்து நடக்கிற கால்களில் ரத்தம் தேங்காது. எழுப்பும்போது வலியில் எத்தனையோ பெண்கள் எங்கள்மேல் கோபப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் எழுப்பித்தான் நடக்க வைத்தோம். வீட்டுக்குள் மெதுவாக ஐந்து பத்து நிமிஷம் நடப்பது உனக்கு முதல் நாளிலிருந்தே மருந்துதான்.

எவ்வளவு செய்யலாம் என்பதுதான் கஷ்டமான கேள்வி. பச்சை உடம்பு செய்கிற நேரத்தில் வாயைத் திறக்காது. தையலைச் சுற்றித் தோல் மரத்துப்போயிருக்கிறது என்றாயே, அங்கே நுண்ணிய நரம்புகள் அறுபட்டிருக்கின்றன. அந்த மரப்பு மாதக்கணக்கில்கூட இருக்கும். போதாததற்கு வலி மாத்திரையும் போட்டுக்கொள்கிறாய். நல்லாத்தானே இருக்கிறோம் என்று தோன்றும், வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாய். பதில் சாயங்காலமோ மறுநாள் காலையோதான் வரும். ஞாயிற்றுக்கிழமை அலமாரியை நகர்த்தி வீடு பூராவும் துடைத்தாய், திங்கட்கிழமை பழுப்பாக இருந்த உதிரப்போக்கு மறுபடி சிவப்பாகிவிட்டது என்று சொன்னாயே, அதுதான் அந்தப் பதில்.

கர்ப்பப்பைக்குள் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாக இருக்கும். முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாகப் போகும், அப்புறம் இளஞ்சிவப்பு, பழுப்பு, கடைசியில் மஞ்சள் கலந்த வெள்ளை. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நிற்கும். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரேயடியாகக் கொஞ்சம் வந்தால் பயப்படாதே, படுத்திருந்தபோது தேங்கியது அது. பால் கொடுக்கும்போது வயிறு இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கூடப் போவதும் சகஜம். வெளுத்துக்கொண்டே வந்தது ஒரு வேலைக்குப் பிறகு மறுபடி சிவந்தால் மட்டும், அந்த வேலை அதிகம் என்று எடுத்துக்கொள். ஓய்வெடுத்த பிறகும் அது குறையாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்.

அதனால் உனக்கு நான் சொல்கிற வழி இது. புதிதாக எதைச் செய்தாலும் அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் உன்னையே கவனி. உதிரப்போக்கின் நிறம் மாறியதா, தையல் இழுக்கிறதா, கீழே ஏதோ கனமாக இறங்குகிற மாதிரி இருக்கிறதா, சிறுநீர் கசிகிறதா என்று பார். எதுவும் இல்லையென்றால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டிக்கொள். ஏதாவது ஒன்று இருந்தாலும் முன்பு செய்துகொண்டிருந்த அளவுக்கே திரும்பி இரண்டு நாள் இரு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உன்னோடு ஒரே வாரத்தில் பிள்ளை பெற்ற தோழி இப்போதே தெருவில் வேகமாக நடக்கிறாள் என்று வருத்தப்பட்டாய். அவளுக்குச் சுகப்பிரசவம். ஆனால் குழந்தை வெளியே வரும்போது இடுப்பின் அடித்தளத் தசைகள் சில இடங்களில் மூன்று மடங்குக்கும் மேல் நீள்கின்றன. அவளுக்கும் ஆற வேண்டியது இருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை. உனக்கோ வயிற்றில் அடுக்கடுக்காக வெட்டித் தைத்திருக்கிறார்கள். மேல் தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற கெட்டியான சவ்வுக்கு ஆறு வாரத்தில்கூடப் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியிருக்கும். குழந்தையை விடக் கனமான எதையும் தூக்காதே என்று சொல்வது இதனால்தான். தண்ணீர் நிறைந்த வாளி, ஈரத்துணிக் கூடை, குழந்தையை உட்கார வைத்த கார் சீட், இதெல்லாம் மாப்பிள்ளையின் வேலை. இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடு.

படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காராதே. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழு. இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொள். கழிவறையில் முக்காதே. காலுக்கடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்தால் சுலபமாக இருக்கும். தண்ணீரும் நிறையக் குடி.

இப்போது யாரும் உன்னிடம் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அந்த அடித்தளத் தசைகள்தான். சிசேரியன் ஆனவளுக்கு இது வேண்டியதில்லை என்று நினைக்காதே. இத்தனை மாதமும் குழந்தையின் பாரம் அவற்றின்மேல்தான் இருந்தது. அவற்றைப் பலப்படுத்துகிற பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நல மருத்துவர் 1948-ல் விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறோம். பெரும்பாலும் பிரசவமாகி சில நாட்களிலேயே ஆரம்பித்துவிடலாம், சிறுநீர் போக ஆஸ்பத்திரியில் வைத்த குழாயை எடுத்திருந்தால் போதும். நீ இன்றைக்கே தொடங்கலாம்.

முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள். வாயு வெளியேறாமல் அடக்குகிற மாதிரி பின்பக்கம் இறுக்கு. அப்படியே சிறுநீரை அடக்குகிற மாதிரி முன்பக்கமும் இறுக்கி, எல்லாவற்றையும் உள்ளே மேல்நோக்கி இழு. பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. முதலில் மூன்று நான்கு விநாடி பிடித்தால் போதும், பிறகு முழுசாகத் தளர்த்து. இந்தத் தளர்த்துவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் இறுகியே இருக்கிற தசைக்கும் பலம் இருக்காது, வலியும் வரும். நாளாக நாளாகப் பத்து விநாடி வரை பிடிக்கப் பழகு. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. அதோடு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதையும் சேர்த்துக்கொள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்தி இதைச் செய்யாதே, பை முழுதாகக் காலியாகாமல் போகும். இருமுவதற்கு முன், தும்முவதற்கு முன், குழந்தையைத் தூக்குவதற்கு முன் ஒரு முறை இறுக்கிக்கொண்டால் கசிவு கட்டுப்படும்.

"பிள்ளை பெற்றால் அப்படித்தான், சிரித்தால் கசியத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே. எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். பலருக்கு வருகிறது என்பதற்காக எல்லாரும் ஆயுசு பூராவும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் நிறையப் பேருக்குக் குறைகிறது. குறையாவிட்டால் இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

வயிறு விஷயத்தில் அவசரப்படாதே. நடுவயிற்றில் இரண்டு பக்கத் தசைகளும் கர்ப்ப காலத்தில் விலகி இடம் விட்டிருக்கும். முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே நெருங்கி வரும். படுத்தபடி தலையைத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலும் கீழும் ஒரு மேடு கூம்பாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தால், அந்தத் தசைகளுக்கு இன்னும் போதிய பலம் வரவில்லை. மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து உட்காருகிற பயிற்சியை இப்போது தொடவே வேண்டாம். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பது போதும்.

குழந்தையைத் தூக்கி, இறக்கி, தோளில் போட்டு, இடது கை வலது கை மாற்றி ஏந்துவதும் உழைப்புதான் தேனு. நீ அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கட்டைவிரலை அகல விரித்து அக்குளில் பிடித்துத் தூக்கித் தூக்கித்தான் நிறையத் தாய்மார்களுக்கு மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலி வருகிறது. ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் இன்னொரு கையைக் கழுத்துக்கும் முதுகுக்கும் அடியிலும் கொடுத்து அள்ளித் தூக்கு. பால் கொடுக்கும்போது நீ குனியாதே. மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உன் உயரத்துக்குக் கொண்டுவா.

நடையைத் தினமும் சில நிமிஷம் கூட்டிக்கொண்டே போ. ஒரேயடியாக நீளமாக நடப்பதைவிட இரண்டு தடவை சின்னதாக நடப்பது நல்லது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு திணறினால் வேகம் அதிகம். பிரசவமான பெண்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. இந்த வாரமே அதை எட்ட வேண்டாம், மெதுவாக அங்கே போய்ச் சேரலாம். ஓட்டம், குதிப்பு எல்லாம் 12 வாரத்துக்கு முன்னால் வேண்டாம். அதற்கப்புறமும் கசிவோ கீழே கனமோ இருந்தால் இன்னும் பொறு. நீச்சலுக்கு உதிரப்போக்கு முழுசாக நின்று தையலும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கார் ஓட்டுவதற்கு, திடீரென்று பிரேக்கை அழுத்தினால் வயிறு வலிக்காது என்ற நிலை வரட்டும், டாக்டரிடமும் கேட்டுக்கொள்.

நடந்தால் பால் குறைந்துவிடுமோ என்று பயப்படாதே, குறையாது. மார்பு கனக்காமல் இருக்கக் கிளம்புவதற்கு முன் பால் கொடுத்துவிடு. எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைத்துவிடாதே. முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. ராத்திரி தூங்காத நாளில் நடையா தூக்கமா என்று வந்தால் தூங்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. அதற்கப்புறமும் மனசு இருட்டாகவே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் ஒட்டாவிட்டால் டாக்டரிடம் சொல், என்னிடமும் சொல். பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு இந்த மாதிரி மனநலப் பிரச்சினை வருகிறது. வெளியே கொஞ்சம் நடந்தால் மனசு இலேசாகும், ஆனால் சிகிச்சை தேவைப்படும்போது நடை மட்டும் போதாது.

இன்னும் சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுசாக நனைவது, முட்டை அளவுக்குக் கட்டிகள் விழுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், தையல் சிவந்து சீழ் வருவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது. கடைசியாகச் சொன்னது ரத்த அழுத்தத்தால் வரலாம். கர்ப்ப காலத்தில் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு அது ஏறக்கூடும். எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

ஆறாவது வாரச் செக்கப்பில் "எல்லாம் நார்மல்" என்று கேட்டவுடன் எழுந்து வந்துவிடாதே. வயிற்றுத் தசை இடைவெளியையும் அடித்தளத் தசைகளின் பலத்தையும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல், படியேறினால் தலை சுற்றுகிறது என்றாயே, அது தூக்கமின்மையால் மட்டும் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். தலைசுற்றல் அதிகமானால் ஆறாவது வாரம் வரை காத்திருக்காமல் முன்பே போ. டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்து, வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா