மவுஸை அசைத்ததும் கிடைத்துவிடும் கணினி

அன்புள்ள தம்பி,

தொலைவிலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளில் காலை ஒன்பது மணிக்கு அப்பாவின் லேப்டாப் கிடைக்கிறது, பதினொன்றுக்கு முயன்றால் 'ஆஃப்லைன்' என்கிறது, அப்பா போய் மவுஸை அசைத்ததும் சரியாகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது. லேப்டாப் தூங்கிவிடுகிறது, அதாவது 'ஸ்லீப்' நிலைக்குப் போய்விடுகிறது. வேறு மென்பொருளுக்கு மாறினாலும் இதே கதைதான், எனவே அதை விட்டுவிடுங்கள்.

ஆனாலும் ஊகத்தை நம்பி எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த முறை உள்ளே போனதும் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து கணினியில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் ஃபில்டர் இருக்கும். ஈவென்ட் ஐடி கட்டத்தில் 41, 42, 506, 1074 என்று கமா போட்டு எழுதி ஓகே கொடுங்கள். தொடர்பு அறுந்த நேரத்தில் 42 இருந்தால் தூக்கம். புதிய லேப்டாப்களில் அதுவே 506 என்று பதிவாகும். 41 என்றால் கரண்ட் போயோ ஹேங் ஆகியோ முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது. 1074 என்றால் யாரோ, பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், ரீஸ்டார்ட் அல்லது ஷட் டவுன் செய்திருக்கிறது. நான்கும் இல்லையென்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் ஒரு லேன் கேபிள் போட்டுவிடுங்கள், அந்தச் சந்தேகம் அதோடு தீரும்.

தூக்கம்தான் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' என்று வையுங்கள். திரை பத்து நிமிடத்தில் அணைவதால் எந்தக் கெடுதலும் இல்லை, அதை அப்படியே விடலாம். பலர் மறப்பது மூடியை. வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிவைப்பது பெரியவர்களின் வழக்கம், மூடிய உடனே அது தூங்கிவிடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில், சார்ஜருக்கான கட்டத்தில் 'டூ நத்திங்' கொடுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் பேட்டரிக்கான அமைப்புதான் வேலை செய்யும். எனவே பிளக்கை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. எனிடெஸ்க்கை இன்ஸ்டால் செய்யாமல், டவுன்லோட் செய்த ஃபைலை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அது தானாக எழாது. அனுமதி கேட்கும் 'யெஸ், நோ' பெட்டி வரும்போது உங்கள் பக்கம் திரை உறைந்து நிற்கும், அப்பாதான் அதை அழுத்த வேண்டியிருக்கும். முழுமையாக இன்ஸ்டால் செய்தால் லாகின் திரையிலிருந்தே உள்ளே போகலாம்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரூட்டர் நின்றுவிடும். அதற்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும்.

ஆளில்லாமல் உள்ளே போக வைக்கும் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், பாஸ்வேர்டோடு ஒரு தற்காலிக எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள். எனிடெஸ்க் திரையில் தெரியும் லேப்டாப்பின் முகவரி எண்ணை, பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை அப்பாவிடம் நிதானமாக, ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள்.

இன்றிரவு மூடியை மூடச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து முயன்று பாருங்கள். கிடைக்காவிட்டால், காலையில் உள்ளே போனதும் அந்த ஃபில்டரில் எந்த எண் விழுந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்