கயாக்கா, படகா: மகளுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஒன்று துடுப்பால் செலுத்தும் 12 அடி நீளமான மீன்பிடிக் கயாக்; மற்றது 14 அடி அலுமினியப் படகு, 9.9 குதிரைவலு எஞ்சினும் ட்ரெய்லரும் சேர்த்து. எதை வாங்கலாம் என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, மீதியை அம்மா இடையில் புகுந்து மாற்றிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன். கயாக்கை வாங்கு. ஆனால் அதைக் கொண்டு நிபிசிங் ஏரியின் நடுப்பகுதிக்குப் போகாதே. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் என் பதிலாக நீ எடுத்துக்கொள்ள வேண்டும்.

உன்னைப்போல் ஒன்ராறியோவின் நோர்த் பேயில் இருப்பவர்கள் மிதக்கும் கலத்தைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும். ஊரின் ஒரு பக்கத்தில் நிபிசிங், மறுபக்கத்தில் ட்ரௌட் ஏரி. இரண்டுக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான், ஆனால் குணம் வேறு. நிபிசிங் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் சராசரி ஆழமோ 4.5 மீற்றர் அளவுதான். ஆழமில்லாத ஏரி பயமில்லாத ஏரி என்று நினைப்பவர்கள் அலை எப்படி எழுகிறது என்பதை அறியாதவர்கள். மேற்கிலிருந்து காற்று அடித்தால் அது அத்தனை நீளத்தையும் ஓடி வந்து நீ நிற்கும் கிழக்குக் கரையில்தான் முட்டும். அடித்தரை கிட்ட இருப்பதால் அலைகள் நீண்டு படுக்க இடமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து முறியும். பெருங்கடலில் இரண்டு அடி அலை படகைத் தாலாட்டிவிட்டுப் போய்விடும். இங்கே அதே இரண்டு அடி படகின் முன்முனையான அணியத்தின்மேல் ஏறி உள்ளே வந்து விழும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் இதே கூத்துத்தான். முழங்காலளவு தண்ணீர் என்று சிரித்துக்கொண்டு போனவர்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு திரும்பியதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ட்ரௌட் ஏரி ஆழமானது, குளிர்ந்தது, உங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தருவது. குடாக்களும் முனைகளும் தீவுகளும் நிறைந்தபடியால் எந்தப் பக்கக் காற்றுக்கும் ஒதுங்க ஓர் இடம் கிடைக்கும். அதிலிருந்து மட்டாவா ஆறு புறப்பட்டு ஒட்டாவா ஆற்றோடு சேர்கிறது. 1615-இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சம்ப்ளேன் ஏறி வந்ததும், பின்னர் விலங்குத் தோல் வணிகர்களின் பெரிய மரப்பட்டைத் தோணிகள் வந்து போனதும் இதே வழியால்தான். ஒரு தோணியில் பல பேர் சேர்ந்து துடுப்பு வலித்த அந்த மனிதர்களே பெரிய ஏரிகளில் காற்று எழுந்தால் கரையில் ஏறிப் படுத்துக் காத்திருந்தார்கள். தனியாக ஒற்றைத் துடுப்போடு போகிற உனக்கு அவர்களைவிட அதிக அவசரம் இருக்க நியாயமில்லை.

இனி, கயாக்கை நான் விரும்புவதற்கான காரணத்தைச் சொல்கிறேன். பருத்தித்துறைக் கரையில் கட்டுமரமும் இருந்தது, வள்ளமும் இருந்தது. கட்டுமரத்துக்கு உள்வயிறு கிடையாது. மேலே ஏறிய அலை மரங்களின் இடுக்கால் வடிந்து போய்விடும், புரண்டாலும் அது மிதக்கும், நிமிர்த்தி மேலே ஏறிக்கொள்ளலாம். வள்ளம் வசதியானது, உலர்ந்தது, பாரம் தாங்குவது. ஆனால் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கிவிடும். நீ அனுப்பிய கயாக் மேலே உட்கார்ந்து செலுத்தும் வகை. அதன் உடல் மூடிய ஒரு கூடு. மேற்தட்டில் இருந்து அடிப்பக்கம்வரை ஊடுருவும் துளைகளால், மேலே வந்த தண்ணீர் கீழே வடிந்து போய்விடும். கட்டுமரத்தின் அதே கணக்கைத்தான் பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள். தனியாகப் போகிற ஒருவர் கவிழ்ந்தால் மீண்டும் ஏறிக்கொள்ளக்கூடிய கலம் எது என்பதே என்னுடைய முதற் கேள்வி. 14 அடிப் படகில் இருந்து தவறி விழுந்தவர், நனைந்த உடுப்போடு அதன் உயர்ந்த விளிம்பைப் பிடித்துத் தனியாக மேலே ஏறுவது மிகவும் கடினம். ஏணி இல்லாவிட்டால், எஞ்சினை நிறுத்தி, பின்பக்கமாகப் போய், எஞ்சினின் கீழ்த்தட்டில் காலை ஊன்றித்தான் ஏற முயலலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. படகு உன்னை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால்தான் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். படகில் போகும் பலர் அதை எஞ்சினிலேயே தொங்கவிட்டிருப்பதை சிம்கோ ஏரியில் நான் எப்போதும் காண்கிறேன்.

ஆனால் கயாக்கில் ஏறுவதும் தானாக வந்துவிடும் வித்தையல்ல. கவிழ்ந்து கிடக்கும் கயாக்கின் குறுக்கே கையை நீட்டி, எதிர் விளிம்பையோ அங்குள்ள கைப்பிடியையோ பிடித்து, உன் பாரம் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து அதைப் புரட்ட வேண்டும். பிறகு இருக்கைக்கு நேரே நின்று, கால்களை நீந்துவதுபோல் அடித்து உடம்பை நீரின்மேல் தட்டையாக்கி, நெஞ்சை இழுத்து மேலே போட்டு, தொப்புள் இருக்கையின்மேல் வந்ததும் மல்லாந்து திரும்பி, கடைசியில்தான் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முழங்காலை முதலில் ஏற்றினால் மறுபடியும் கவிழும். தூண்டில் தடிகளை நிமிர்த்திக் குத்தி வைத்திருந்தால் அவை நெஞ்சில் இடிக்கும். மீன்பிடிக் கயாக்கின் உயர்ந்த கதிரை பார்க்க அழகு, ஏறும்போது தொல்லை. ஜூலையில் தண்ணீர் சூடானதும் நான் வருகிறேன். மணற்கரையில், உன் நெஞ்சளவு தண்ணீரில், உயிர்காப்பு அங்கியோடு இதை நீ யோசிக்காமல் செய்யும்வரை செய்து காட்ட வேண்டும். அதற்கு முன் தூண்டிலை அதில் ஏற்றக் கூடாது.

கட்டுமரத்துக்கும் உன் கயாக்குக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: எங்கள் கடலில் நனைவது ஓர் அலுப்பு மட்டும்தான். உங்கள் ஏரியில் பிக்கரல் மீன்பிடிப் பருவம் திறக்கும் மே மாதத்தில் காற்று இதமாக இருக்கும், வெயில் அடிக்கும், எல்லோரும் ரீசேட்டோடு திரிவார்கள். தண்ணீர் மட்டும் இன்னும் பனிக்கட்டியின் நினைப்பிலேயே இருக்கும். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: குளிர்நீரில் விழுந்தவர் திணறும் மூச்சைக் கட்டுப்படுத்திக்கொள்ள ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பதற்குப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஆகவே ஒருவர் அந்த முதல் நிமிடத்திலேயே அங்கி இல்லாமல் மூழ்கிப்போகலாம். மீண்டும் ஏறுவதற்கு இருப்பதும் அந்தப் பத்து நிமிடம் மட்டுமே. 1978 ஜூன் 11 அன்று, நோர்த் பேயில் இருந்து அதிக தூரமில்லாத டிமிஸ்கமிங் ஏரியில், தோணிப் பயணம் போன 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் குளிர்நீரில் இறந்தார்கள். அதுவும் ஜூன் மாதம். மே மாதத்திலும் ஒக்ரோபரிலும் போவதானால் உயிர்காப்பு அங்கியோடு, குளிர்நீருக்கான ரப்பர் உடுப்பான வெட்சூட்டும் அணிந்து, கரையை ஒட்டித்தான் போக வேண்டும். அதற்கு மனம் இல்லாவிட்டால் அந்த நாட்களில் பாலத்தடியில் நின்று தூண்டில் போடு. மீனுக்கு அது தெரியப் போவதில்லை.

படகுக்கு நியாயம் செய்யாமல் விடக்கூடாது. கால் நீட்டி நிற்கலாம், தோழி ஒருத்தியைக் கூட்டிப் போகலாம், குளிர்ப்பெட்டியும் தேத்தண்ணீர்ப் போத்தலும் வைக்கலாம், எதிர்க்காற்றில் தோள் கழன்று போகாமல் வீடு திரும்பலாம். நிபிசிங்கில் மானிட்டூ தீவுகளின் பக்கம் பிக்கரலுக்குப் போவதென்றால், நல்ல நாளில், நல்ல எஞ்சினோடு படகில்தான் போக வேண்டும். கயாக்கில் அங்கே போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதை வைத்திருப்பது ஒரு சிறு குடும்பத்தை வைத்திருப்பதற்குச் சமம். எஞ்சின் பூட்டிய எந்தக் கலத்தைச் செலுத்தவும் கனடாவில் படகோட்டுநர் அட்டை வேண்டும். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கும் உரிமம் எடுத்து அதன் இலக்கத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். 9.9 என்று ஓர் எஞ்சின் ஊரெல்லாம் விற்பது ஏனென்று இப்போது உனக்கு விளங்கும். ட்ரெய்லருக்கு இலக்கத் தகடு, காருக்கு இழுவைக் கொக்கி, பின்னுக்கு ஓட்டிப் படகிறக்கும் பழக்கம், இலையுதிர் காலத்தில் எஞ்சினைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தும் வேலை. இவற்றுக்கெல்லாம் மேலாக, அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கும் நீ அதை எங்கே நிறுத்தப் போகிறாய்? இரவு வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்த ஒரு மாலைப்பொழுதில், இரண்டு மணித்தியாலம் கிடைக்கிறதென்று யாரும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போவதில்லை. கயாக்கை அப்படி எடுத்துப் போகலாம், போவாய்.

படகென்றால் அப்பாவும் அம்மாவும் வரும்போது ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஓர் எண்ணம் உன் கடிதத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. வேண்டாம். அம்மா கரையில் கதிரை போட்டு இருந்துகொண்டு, நாம் பிடித்துவரும் மீன் போதாது என்று குறை சொல்வதையே விரும்புவாள். எனக்குப் படகில் ஏற ஆசைதான். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் அந்த ஆசை தீர்ந்துவிடும்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பழைய கயாக்கென்றால் நிழலில் கவிழ்த்துப் போட்டு, துளைகளின் உள்விளிம்பையும் அடிப்பக்கத்தின் பின்முனையையும் விரலால் தடவிப் பார். சீமெந்திலும் தாரிலும் இழுபட்ட கயாக் அங்கேதான் மெலிந்திருக்கும், மயிரிழை வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். முன்மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று கவனி. மூடிய கூடு என்றேன் அல்லவா, மூடி ஒழுகினால் அது மூடிய கூடு அல்ல. உள்ளே தண்ணீர் சேர்வது மேலே இருப்பவருக்குத் தெரியாது, திரும்பும்போது ஒரு பக்கமாகச் சோம்பிச் சாயத் தொடங்கியதும்தான் தெரியும். விற்பவர் இடங்கொடுத்தால் தண்ணீரில் அரைமணி நேரம் விட்டு, கரையேற்றி, பின்முனையில் உள்ள வடிதிருகாணியைக் கழற்றி எவ்வளவு வருகிறது என்று பார். விளம்பரத்தில் பாரம் 38 கிலோ என்று இருக்கிறது. தனியாகக் கார்க்கூரையில் ஏற்றுவதற்கு அதுவே எல்லை. மிதித்து ஓட்டும் வகைகள் கையை மீனுக்கு விட்டுவிடும் என்பது உண்மையானாலும், இன்னும் பாரமானவை என்பதால் உனக்குச் சொல்லவில்லை. பின்கண்ணாடியின் மேல் ஒரு பழைய குளியலறைப் பாயை விரித்து, முன்முனையை அதில் சாய்த்து, பின்னிருந்து தள்ளி ஏற்று.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டாதே. காற்றோ நீரோட்டமோ இழுத்தால் அந்தப் பக்கமே தாழ்ந்து கவிழ்த்துவிடும். முனைவரை ஓடும் கப்பிக் கயிற்றில், ஒரே இழுப்பில் கழன்றுவிடக்கூடியதாக, மிதவையோடு கட்டு. விசிலை அங்கியில் கட்டு, பையில் வைக்காதே. கைபேசியும் நீர்புகா உறையில் உன் உடம்போடு இருக்கட்டும். பின்னாளில் மின்மோட்டர் பூட்ட ஆசை வந்தால், கயாக்கானாலும் அட்டை எடுக்க வேண்டும். ஒரு ஏரியில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன் பாசி, செடி எல்லாவற்றையும் நீக்கி, தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம் உண்டு. கயாக்குக்கும் அது பொருந்தும். ட்ரௌட் ஏரியின் தண்ணீரைத்தான் நீ குடிக்கிறாய் என்பதால் இதை உனக்கு விளக்கத் தேவையில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு அளவு எடுத்து அனுப்பு: உன் காரின் கூரைச் சட்டங்கள் இரண்டுக்கும் இடையிலான தூரம், உங்கள் கட்டடத்து நிலக்கீழ்ச் சேமிப்பறையின் மூலைக்கு மூலை நீளம். 12 அடி உள்ளே நேராகப் படுக்காவிட்டால் சரித்து நிறுத்தலாமா என்று பார்க்கிறேன். அதற்கும் இடமில்லை என்றால் 10 அடிக் கயாக் ஒன்றைத் தேடுவோம், அவசரமில்லை.

அன்புடன்,
அப்பா