சிஎன் கோபுரத்தில் கைகொடுத்த உறவுகளுக்கு

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமாருக்கு,

ஊரிலிருந்து வந்த அம்மம்மாமாரும் கைக்குழந்தைகளுமாக ரொறன்ரோ சிஎன் கோபுரம் பார்த்தாயிற்று. 553 மீற்றர் கோபுரம் என்றாலும் ஏறுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. லிப்ற் 58 விநாடியில் 346 மீற்றருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மெனக்கெடல் எல்லாம் அதற்கு முன்னால்தான். அந்த மெனக்கெடலை எங்களுக்காக ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, "இண்டைக்கு வேண்டாம்" என்று தடுத்த அண்ணாவுக்கு. ஒன்ராறியோ ஏரிப் பக்கமிருந்து மேகம் தாழ்ந்து வந்தால், தெருவில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் மேலே சுற்றிவர வெள்ளைச் சுவர்தான். அவர் சொல்லித்தந்த கணக்கு லேசானது. கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பார்வைத் தளம் இருக்கிற அந்த வட்டப் பகுதி கண்ணுக்குப் படவில்லையென்றால், அங்கே போயும் நகரம் படாது. ரிக்கெற் நேரம் குறித்துத் தருவது, அதனால் நாள் மாற்ற இடமுண்டா என்று பார்த்த பிறகே வாங்குங்கள் என்றதும் அவர்தான்.

கிட்டவுள்ள யூனியன் ரயில் ஸ்ரேசனிலிருந்து மூடிய நடைபாதை வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த தம்பிமாருக்கும் நன்றி. முதியவர்களுக்குக் குளிர்காற்று படாத வழி அது.

தாதி அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் காணாது. அந்த 346 மீற்றரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 4 சதவீதம் குறைகிறது. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாகவே வெளியே கசிந்துவிடும். இறங்கும்போது அது உள்ளே திரும்ப வேண்டும், ஆனால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். ஆகவே வலி இறக்கத்தில்தான் அதிகம். குழந்தை அழுத பிறகு போத்தலைத் தேடினால் லிப்ற் கீழே வந்துவிடும். கதவு மூடுமுன்னமே பால் வாயில் இருக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து, இறங்கத் தொடங்கியதும் கொஞ்சங் கொஞ்சமாக விழுங்கலாம். தடிமன், சளியோடு இருக்கும் பிள்ளையை அன்று கூட்டிப்போகாமல் விடுவதே நல்லது.

கண்ணாடித் தரைக்கு வருவோம். 1994 முதல் இருக்கிறது. 342 மீற்றர் உயரத்தில், 6.4 சென்ரிமீற்றர் தடிப்பில். "உடையாது, வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள்தான் காரியத்தைக் கெடுப்பது. (எங்களிலும் இரண்டு பேர் உண்டு, பெயர் வேண்டாம்.) கால் நடுங்குவது கண்ணாடியை நம்பாததால் அல்ல. கிட்ட உள்ள பொருட்களைப் பார்த்துத்தான் கண் உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. கண்ணுக்கு அகப்படும் முதல் பொருள் 342 மீற்றர் கீழே இருந்தால் அந்தப் பிடிமானம் போய்விடும். தங்கச்சி ஒருவர் காட்டிய முறை இது: ஓரத்துத் தரையில் நின்று முதலில் ஏரியின் தொலைவைப் பார்க்க வேண்டும். ஒரு காலை மட்டும் கண்ணாடியில் வைத்து, தன் சப்பாத்தையே பார்க்க வேண்டும். பிறகு சப்பாத்தின் விளிம்பைத் தாண்டி மெதுவாகக் கீழே. சின்னப் பிள்ளைகளைத் தரையில் இருத்திவிட்டால் தாங்களே தவழ்ந்து போய்விடுவார்கள். வர மாட்டேன் என்ற அம்மம்மாவை அப்படியே விட்டுவிட்டதற்கும் தங்கச்சிக்கு நன்றி.

447 மீற்றரில் இன்னொரு தளமும் உண்டு, தனிக் காசு. காற்றடிக்கும் நாளில் அங்கே ஆட்டம் தெரியும். கோபுரத்தை அப்படி ஆடும்படிதான் கட்டியிருக்கிறார்கள், ஆனால் தலைசுற்றுக்காரருக்கு அது ஆறுதல் இல்லை. கைக்குழந்தைக்காரருக்கு 346 போதும் என்று சொல்லிக் காசை மிச்சம்பிடித்துத் தந்த அக்கா நீடூழி வாழ்க.

படம் எடுத்த அண்ணா பொழுதுபட ஒரு மணித்தியாலம் முன்னதாகவே ஏறச் சொன்னார். ஒரே ரிக்கெற்றில் பகலும் அந்தியும் விளக்கொளியும் கிடைத்தன. வெளிச்சம் மங்க மங்கக் கண்ணாடியில் எங்கள் முகங்களே தெரியும். பிளாஷை நிறுத்தி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, சுற்றிவரக் கறுப்பு ஜாக்கெற்றால் மூடினால் அது போய்விடும். தெற்குப் பக்கம் தீவு விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானத்தின் முதுகு எங்கள் காலுக்குக் கீழே போன படம் அப்படி வந்ததுதான்.

அண்ணா, இரவல் தந்த ஜாக்கெற் இரண்டும் இங்கே இருக்கின்றன. ஒன்றில் பால் கொட்டிவிட்டது. தோய்த்துக் காயவைத்திருக்கிறோம், ஞாயிறு கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
மேலே போய்வந்த குடும்பங்கள்