பாத்திரம் துலக்குபவளா தண்ணீரை வீணாக்குகிறாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் வெளியான தண்ணீர்ச் சிக்கனக் கட்டுரையில், 'பாத்திரம் துலக்கும்போது இல்லத்தரசிகள் குழாயை மூடி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்' என்றொரு வாக்கியம் இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: மீதிப் பாதி எங்கே போகிறது என்று கட்டுரையாளர் தம் வீட்டுக் கழிவறைக் கதவைத் திறந்தாவது பார்த்தாரா?

நான் குடியிருப்பது வில்லிவாக்கத்தில். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் எங்கள் பகுதிக்கு வந்து நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் லாரித் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து இரண்டு மாடி ஏற்றியவள் நான். அரிசி களைந்த நீரைச் செடிக்கும், துணி அலசிய நீரைக் கழிவறைக்கும் ஊற்றப் பழகிக்கொள்ள எனக்கு எந்தக் கட்டுரையும் தேவைப்படவில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டிலேயே தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்ததைச் சென்ற மாதம்தான் கண்டுபிடித்தேன். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேசரி கிளறியது போக மிஞ்சியிருந்த கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகையை, பிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே போட்டேன். யாரும் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானின் பின்பக்கத்தில் நூல் போல ஓர் ஆரஞ்சுக் கோடு வழிந்துகொண்டிருந்தது. சத்தமும் இல்லை, சொட்டுவதும் இல்லை. டேங்கின் அடியிலிருக்கும் ரப்பர் மூடி, போர்த் தண்ணீரின் உப்புப் படிந்து சரியாக உட்காராமல் போயிருக்கிறது. நீர் கசியக் கசிய மிதவை தாழ்ந்து, மேலிருந்து புதுத் தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. டேங்குக்கு வரும் குழாயை மூடி, பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து அரை லிட்டர் குவளையால் அளந்து ஊற்றினேன். கோடு வரை நிரம்ப எட்டுக் குவளை பிடித்தது. நாளொன்றுக்கு 96 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரசு வகுத்திருக்கும் அளவே 135 லிட்டர்தான். எங்கள் வீட்டைப் போல 26,000 வீடுகளில் கசிந்தால், அந்த ஜோலார்பேட்டை ரயில் ஒரே நாளில் காலி!

இதை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, 'கழிவறைச் சமாச்சாரத்தையெல்லாம் இங்கே பேச வேண்டுமா, அம்மா?' என்று செயலாளர் சிரித்தார். லிஃப்ட் அருகே 'பெண்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று அறிவிப்பு ஒட்டியவரும் அவரேதான். வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. லாரித் தண்ணீர்ச் செலவை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறார்கள். ஆக, கசிகிற வீட்டுக்கும் கசியாத வீட்டுக்கும் ஒரே கணக்கு. பிளம்பரோ முழு டேங்கையும் மாற்றினால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்தார். கடைசியில் ரப்பர் மூடியை மாற்றியதோடு கசிவு நின்றது. வீட்டை விற்றவர் மலிவான டேங்கை மாட்டிவிட்டுப் போன கதையை எழுதினால் தங்களுக்கு இரண்டு பக்கம் வேண்டும்.

சென்ற ஆண்டு தெருக்குழாய் உடைப்பைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் இதழில் இடமில்லாமல் போனது. பரவாயில்லை. இப்போது கேட்பது ஒரு சிறிய கட்டம்தான்: மேலே சொன்ன சோதனையை நாலு வரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிடுங்கள். கேசரிப் பவுடர் என்றதும் அதையும் மகளிர் சமையல் பக்கத்தில் போட்டுவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.